ருமேனியாக்காரி செக் பேசிய நாள்

இலங்கை மலையகத்தில், கொத்மலைப் பக்கம், தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக்கினார்கள். அதன் ரிசப்ஷனில் பதினாறு வருடம் இருந்தேன். பல மேனேஜர்கள் வந்து போனார்கள். உலகம் முழுவதும் தன் கோட்டுப் பையில் இருப்பதாக நினைத்தவர் ஒருவர்தான். கொழும்புத் தமிழர். வரைபடத்தில் ருமேனியாவைக் காட்டச் சொன்னால் விரல் எங்கே போயிருக்கும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

ஒருமுறை செக் நாட்டுக்காரர்கள் ஆறு பேரும், ருமேனியாவிலிருந்து ஒரு தம்பதியும் தங்க வந்தார்கள். ரெஜிஸ்டரில் நான்தான் பதிந்தேன். மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"செக் ஆளுங்களுக்கு டேம் தெரியுற மேசையக் குடுங்க. ருமேனியாவ கிச்சன் பக்கம் போடுங்க. நம்மாளுங்க கூலிக்குப் போற நாடுதானே!"

என் தங்கை மகன் அப்போது ருமேனியாவில்தான் கட்டட வேலையில் இருந்தான். அவர் சொன்னபடியே மேசையைப் போட்டேன். அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் காலை டீ டேஸ்டிங். கோப்பைகளை வரிசையாக வைத்து விளக்கிக்கொண்டிருந்தேன். செக்காரர்கள் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். ருமேனியாவிலிருந்து வந்த அன்னா என்ற அம்மா, அவர்கள் பாஷையிலேயே பதில் சொன்னார். ஆறு பேரும் திகைத்துப்போய் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அதைப் பார்த்த மேனேஜர் என்மீது பாய்ந்தார்.

"செக்காரிய ருமேனியான்னு எழுதி வச்சிருக்கீங்களே! பாஸ்போர்ட் வாசிக்கத் தெரியாதா? தோட்டத்து ஆளுங்கள ரிசப்ஷன்ல வச்சா இப்புடித்தான்!"

தமிழ் புரியாவிட்டாலும் 'ருமேனியா', 'பாஸ்போர்ட்' என்ற சொற்களும் நீட்டிய விரலும் அன்னாவுக்குப் புரிந்தன. ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்.

"அவர் எழுதியது சரி. நான் ருமேனியாவில் பிறந்தவள். இருநூறு வருடத்துக்கு முன் என் முன்னோரைச் செக் நாட்டிலிருந்து காடு வெட்டக் கூட்டிவந்தார்கள். அந்த மலைக் கிராமங்களில் இன்னும் செக்தான் பேசுகிறோம். எங்கள் ஊர்த் திருவிழாவில் பக்கத்து ஊர் ருமேனியர்களும் ஆடுவார்கள். என் வீட்டில் அவர்களுடைய சோளக்களியும் வேகும், எங்கள் மாவுருண்டையும் வேகும்."

ருமேனியரான கணவர், தான் செக் கற்றது மாமியாரின் திட்டு வாங்கித்தான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும், விளங்கியவர் போல, கடைசியாகச் சிரித்தார்.

அன்னா என்னைப் பார்த்து, "நீங்கள் எந்த ஊர்?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார். "இவர்களெல்லாம் இந்தியர்கள், மேடம்."

அதுவரை அடக்கியது அத்தனையும் வந்துவிட்டது.

"இல்லைங்க மேடம். நான் இந்த நாட்டுக்காரன். எங்களையும் இருநூறு வருசத்துக்கு முன்ன இந்தியாவுல இருந்து காடு வெட்டத்தான் கொண்டாந்தாங்க. நீங்க குடிக்கிற தேயிலை, எங்க ஆளுங்க வெட்டுன காட்டுல நட்டதுதான்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

அன்னா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மத்தியானம் எட்டுப் பேரும் மேசைகளைத் தாங்களே இழுத்து ஒன்றாகச் சேர்த்துச் சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் மேனேஜர் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"கெஸ்ட் முன்னால என்னைய அவமானப்படுத்திட்டீங்க. வார்னிங் லெட்டர் தரப்போறேன்."

"தாங்க சேர். நான் சொன்னதுல எது பொய்யின்னும் அதுல எழுதிடுங்க. கையெழுத்துப் போடுறேன்."

பேனாவைத் திறந்தார். ஒரு வரிகூட எழுதாமல் மூடினார். பிறகு, "போங்க, வேலையப் பாருங்க" என்றார்.

இப்போது ஹோட்டல் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கெஸ்ட்டுக்கு மரியாதை கொடுங்கள், மேலதிகாரிக்கும் கொடுங்கள். ஆனால் நீங்கள் யார் என்ற கேள்விக்கு மட்டும் இன்னொருவரைப் பதில் சொல்ல விடாதீர்கள்.