பேச்சிமுத்துவும் நகராத முள்ளும்

ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷின் ஓட்டிய பேச்சிமுத்துவுக்கு எந்தச் சாமானையும் பிரித்துப் பார்க்காவிட்டால் கை பரபரக்கும். கல்யாணத்துக்கு வந்த கடிகாரம் மறுவாரமே அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது. திரும்பப் பூட்டியபோது ஒரு ஆணி மிஞ்சியது. "இது கம்பெனிக்காரன் கூடுதலாப் போட்டது" என்று சொல்லி விட்டெறிந்தார். கடிகாரமும் என்னவோ ஓடத்தான் செய்தது. மனைவி கருத்தம்மாள் அன்றிலிருந்து ரேடியோவைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

பஞ்சுத்தூசிக்கு நடுவே வருஷக்கணக்காக நின்றவருக்குத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இளைப்பு பிடித்துக்கொண்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கிருபாபாய் என்ற டாக்டரம்மா நெஞ்சைச் சோதித்துச் சொல்கிறார் என்றார்கள். இளைத்துக்கொண்டு போய் நின்றால் 'மில்லை விடு' என்று சொல்லிவிடுவாரே என்று பேச்சிமுத்துவுக்குப் பயம். வேறு வேலை தெரியாது. அந்த மெஷின்களைப் பார்க்காமல் இருக்கவும் அவரால் ஆகாது.

மில்லில் ஒரு வழக்கம் உண்டு. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் முந்தின ஷிப்டிலேயே சன்னலில் ஒட்டிய பஞ்சைத் தட்டி, தரையைக் கழுவி வைத்துவிடுவார்கள். வருகிறவர் கண்ணில் ஒரு தூசி படாது. பேச்சிமுத்து தன் நெஞ்சுக்கும் அதையே செய்தார். பஸ் ஏறுமுன், மருந்துக்கடையில் வாங்கி வைத்திருந்த இளைப்பு மாத்திரை ஒன்று, வாயில் வைத்து இழுக்கும் பம்பு மருந்தில் ரெண்டு இழுப்பு.

டாக்டரம்மா ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்துக் கொடுத்தார். ஊதினால் அதிலிருக்கும் சிவப்பு முள் நகரும்.

"காலைல மருந்து, பம்பு எதுவும் எடுத்தீங்களா?"

"இல்லம்மா." பொய் வழுக்கிக்கொண்டு வந்தது.

ஊதினார். முள் சுமாரான இடத்தில் நின்றது. பிறகு டாக்டரம்மாவே பம்பு மருந்தை இழுக்கச் சொல்லி, கால் மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்து, மறுபடி ஊதச் சொன்னார். முள் அதே இடத்தில்தான் நின்றது.

"வித்தியாசமே இல்லையே," என்றார் டாக்டரம்மா. "மருந்துக்கும் திறக்கலைன்னா, மூச்சுக்குழாய் இறுகிப்போச்சோன்னு பயமா இருக்கு. நீங்க மில்லை விட்டுடறதுதான் நல்லது."

எதற்குப் பயந்தாரோ அதுவே நடந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ் வந்தும் அவர் ஏறவில்லை. துக்கம் ஒரு பக்கம் இருக்க, அந்த முள் ஏன் நகரவில்லை என்ற கேள்வி அவரை அரித்தது. குழாயில் கோளாறா? அப்படியும் தெரியவில்லை. யோசித்துக்கொண்டே நின்றவருக்குச் சட்டென்று பொறி தட்டியது. காலையில் எண்ணெய் விட்ட பேரிங்குக்கு மத்தியானம் மறுபடி எண்ணெய் விட்டால் வேகம் எங்கே கூடும்?

திரும்பி நடந்தார்.

"அம்மா, பொய் சொல்லிட்டேன். மாத்திரையும் போட்டு, பம்பும் அடிச்சிட்டுத்தான் வந்தேன்."

டாக்டரம்மாவுக்குக் கோபம் சுருக்கென்று வந்தது, பிறகு சிரித்துவிட்டார். "அப்போ நான் பார்த்தது உங்க நெஞ்சை இல்ல, உங்க மாத்திரையை. அடுத்த வாரம் ரெண்டும் இல்லாம வாங்க. தாங்க முடியலைன்னா எடுத்துக்கிட்டு, என்கிட்ட மறைக்காம சொல்லுங்க."

அடுத்த வாரம் வாசற்படி ஏறுவதற்குள் அவருக்கு மூச்சிரைத்துப் பேச்சு வரவில்லை. ஊதினால் முள் அடியிலேயே கிடந்தது. வெட்கமாகப் போயிற்று. ஆனால் மருந்து இழுத்து, உட்கார்ந்து எழுந்து ஊதியபோது முள் விறுவிறுவென்று மேலே ஏறியது. பேச்சிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

"எம்புட்டு ஏறிருக்கு, பாருங்கம்மா! அப்போ என் நெஞ்சு நல்லாத்தான இருக்கு?"

"திறக்குதுங்கிறது நல்ல சேதிதான். ஆனா இவ்வளவு ஏறுதுன்னா, அதுக்கு முந்தி எவ்வளவு அடைச்சுக் கிடந்திருக்கு? நோய் கட்டுக்குள்ள இருந்தா மருந்துக்கு இப்படித் துள்ளாது."

அவர் சிரிப்பு நின்றுபோனது. மாடிப்படியில் பாதியில் நிற்பதையும், கருத்தம்மாள் தண்ணீர் சுமக்கத் தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் வயசு என்றே நினைத்திருந்தார். இத்தனை நாள் பாதி மூச்சில் ஓடியிருக்கிறோம் என்று இப்போதுதான் உறைத்தது.

இளைத்தாலும் இளைக்காவிட்டாலும் தினமும் இழுக்க வேண்டிய வேறொரு பம்பைக் கொடுத்தார் டாக்டரம்மா. தூசி குறைந்த, நூலைச் சுற்றும் கோன் வைண்டிங் பக்கம் மாற்றச் சொல்லி மில்லுக்கும் எழுதினார். "இளைக்காத நாள்லயும் இது எதுக்கு?" என்று பேச்சிமுத்து முனகிக்கொண்டேதான் இழுத்தார்.

சில மாதம் கழித்துக் கருத்தம்மாளோடு போனார். டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே, "தினமும் இழுக்கிற பம்பு மட்டுந்தான், இளைப்பு மருந்தத் தொடல. வேணும்னா இவளக் கேளுங்க" என்றார். முதல் ஊதலிலேயே முள் மேலே போய் நின்றது. மருந்துக்குப் பிறகு மறுபடி ஊதினார். அதே இடம்தான்.

"வித்தியாசமே இல்லை," என்றார் டாக்டரம்மா.

அன்றைக்கு மில்லை விடச் சொன்ன அதே வார்த்தைதான். இன்றைக்குப் பேச்சிமுத்துவின் கண் நிறைந்துவிட்டது.

"அப்போ மில்லுக்கே தொடர்ந்து போலாம்லம்மா?"

"தாராளமா."

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையிலிருந்த குழாயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஏம்மா, இதப் பிரிச்சா உள்ள என்ன இருக்கும்?"

"மொதல்ல அவிய கையில இருந்து அத வாங்கி வைங்கம்மா," என்றாள் கருத்தம்மாள்.