மனுவில் எழுதிய பெயர்

விழுப்புரத்தில் மூன்று வக்கீல்கள் கைவிரித்த பிறகுதான் அரசப்பன் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினான். முதல் வக்கீல் மில் முதலாளிக்கே பத்திரம் பார்க்கிறவர். இரண்டாமவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் பேசித் தீத்துக்கிற விஷயம்ப்பா" என்று எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். மூன்றாமவர் வாசலில் நிற்கவைத்தே பேசி அனுப்பிவிட்டார். கடைசியில் ரயில்வே லோகோ ஷெட்டில் யூனியன்காரர் ஒருவர்தான் வழி சொன்னார்: "திண்டிவனத்துல சவுரிராயன்னு ஒரு வக்கீலு. கோர்ட்டாண்ட சந்துல மாடி ரூம்பு. தொழிலாளி கேசுன்னா தட்ட மாட்டாரு, போய்ப் பாரு."

அது 1984ஆம் வருஷம், சித்திரை மாசம். அரசப்பனுக்கு முப்பத்தெட்டு வயசு. வேலை போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

மண்டகப்பட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம் அவனுடையது. அதில் பரீட்சை எழுதி, சர்ட்டிபிகேட் வாங்கி, மாசச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் அவன்தான். விழுப்புரத்துக்கு வெளியே ஒரு ரைஸ் மில்லில் பாய்லர் அட்டெண்டர் வேலை. நெல் அவிக்கிற நீராவிக்கு அவன் பொறுப்பு. அடுப்புக்கு உமி தள்ளுகிறவன் பெரியசாமி. ஒன்பது வருஷம் இரண்டு பேரும் ஒரே அனலில் நின்றவர்கள். ஒருத்தன் கொண்டுவந்த சோற்றை இன்னொருத்தன் தின்பான். "யோவ் அரசு" என்பான் பெரியசாமி; "இன்னாடா" என்பான் இவன். பெரியசாமி குடும்பத்தோடு மில் காம்பவுண்டுக்குள்ளேயே ஓர் ஓட்டு வீட்டில் இருந்தான். அவன் பெண்டாட்டி கிளியம்மாள், அவித்த நெல்லைக் களத்தில் காயவைக்கிற இருபத்திரண்டு பெண்களில் ஒருத்தி. பாய்லர் சுவரின் நிழலில்தான் அந்தப் பெண்கள் பிள்ளைகளுக்குத் தூளி கட்டுவார்கள்.

பாய்லரின் தலையில் சேப்டி வால்வு உண்டு. உள்ளே ஆவி அளவு மீறினால் அது தானாகத் திறந்து, மிச்சத்தை வெளியே விட்டுவிடும். அந்தத் தை அறுவடையில் மில் வாசல்வரை நெல் மூட்டை குவிந்து கிடந்தது. வால்வு திறக்கிற ஒவ்வொரு தடவையும் அவியல் தாமதமாவது மேனேஜர் ராஜாமணிக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் காலை அரசப்பன் வேலைக்கு வந்தபோது, வால்வு திறக்காதபடி அதன் நீட்டுக் கம்பியில் இருபது கிலோ எடைக்கல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"இன்னா சார் இது? வெடிச்சிதுன்னா களத்துல ஒருத்தி மிஞ்ச மாட்டா."

"எனக்கு நீ பாடம் எடுக்காத" என்றார் ராஜாமணி. "சீசன் முடியறவரைக்கும்தான். ஜல்தி வேலையப் பாரு."

இரண்டு தடவை அரசப்பன் அந்தக் கல்லை அவிழ்த்துப் போட்டான். இரண்டு தடவையும் அது திரும்ப ஏறியது. பிரஷர் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டித் தாண்டி நின்றது. மணிக்கு மணி அதைப் பார்த்து லாக் புக்கில் எழுதுவது அவன் வேலை. உள்ளதை உள்ளபடி எழுதினான். உமியைத் தள்ளிக்கொண்டே பெரியசாமி சொன்னான், "இப்படியே போச்சின்னா நாம நெல்லோட நெல்லா வெந்துதான் போவணும் யோவ்." சிரிப்பாகச் சொன்னான்.

ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில், பெரிய போஸ்டாபீசில் நின்றபடியே அரசப்பன் மனு எழுதினான். பாய்லர்களைச் சோதிக்கிற அதிகாரிக்கு. தன் பெயர், சர்ட்டிபிகேட் நம்பர், கல் ஏறிய தேதி எல்லாம் எழுதி முடித்தபோது, கீழே இருந்த காலி இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஒரே ஒரு ஆள் சொல்வதை யார் நம்புவார்கள் என்று தோன்றியது. "இந்த விஷயம் பயர்மேன் பெரியசாமிக்கும் நன்றாகத் தெரியும். அவரும் சாட்சி சொல்வார்" என்று ஒரு வரி சேர்த்தான். ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டு மில்லுக்குப் போனான். பெரியசாமியிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தான். அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாள் பெரியசாமியின் மகளுக்கு ஜுரம். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டான்.

எந்த மேஜையில் யார் செய்த காரியமோ, பதில் கேட்டு அந்த மனுவின் நகல் மில்லுக்கே வந்துவிட்டது. ராஜாமணி இரண்டு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு, நிற்கவைத்து, கடைசி வரியை மட்டும் சத்தமாகப் படித்தார்.

"சாட்சி சொல்லுவேன்னு போட்டிருக்கு. சொல்லுவியாடா?"

பெரியசாமி திரும்பி அரசப்பனைப் பார்த்தான். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். வீட்டுக் கூரையை யாரோ பிரிப்பதைக் கீழே நின்று பார்க்கிறவன் முகம் போல இருந்தது.

நாலு நாள் கழித்து அதிகாரி வந்தார். கல்லை முதல் நாளே எடுத்துவிட்டிருந்தார்கள். கல் தொங்கி உராய்ந்த தடம் மட்டும் வால்வுக் கம்பியில் பளபளத்தது. அதிகாரி லாக் புக்கை வாங்கிப் பார்த்தார், கைப்பற்றினார். பிறகு பெரியசாமியைக் கேட்டார்.

"இருந்திச்சிங்க. பாத்தேன்" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

பாய்லரை நிறுத்தச் சொல்லி உத்தரவானது. வால்வைச் சரிசெய்து, அதற்கு ஈயச் சீல் வைத்து, பத்தே நாளில் மில் மறுபடி ஓடியது. அன்று காலை கேட்டிலேயே அரசப்பனை நிறுத்திக் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். கல்லைக் கட்டியதே அவன்தான், அதனால் வேலை நீக்கம் என்று இருந்தது. பெரியசாமிக்குக் கடிதம்கூட இல்லை. அவன் வீட்டுப் பானை சட்டி, டிரங்குப் பெட்டி எல்லாம் ரோட்டோரம் கிடந்தன. கிளியம்மாள் அவற்றை எண்ணெய் டின்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

சவுரிராயன் ஐம்பது வயசுக்காரர். பேசுகிறவனை இடைமறிக்காமல் கேட்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. வேலை நீக்கக் கடிதத்தைப் படித்தார். மனுவின் நகலைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கேஸ் இருக்கு, அரசப்பன். மொதல்ல கடலூர்ல லேபர் ஆபீசர் முன்னாடி பேச்சுவார்த்தை. அவங்க ஒத்துக்கலன்னா மெட்ராஸ், லேபர் கோர்ட். வருஷக்கணக்குல ஆகும். தாங்குவீங்களா?"

"தாங்கறேன் சார்."

"இந்தப் பெரியசாமி, அவரக் கேட்டுத்தான் எழுதினீங்களா?"

அரசப்பன் மேஜை மேலிருந்த மைக்கூட்டைப் பார்த்தான்.

"லாக் புக் உங்க கையெழுத்து. முள்ளு செவப்புக் கோட்டத் தாண்டினது மணிவாரியா அதுலயே இருக்கு. அத எடுத்துப் பாருங்கன்னு ஒரு வரி எழுதியிருந்தா போதுமே. இன்னொருத்தர் பேரு எதுக்குங்க?"

"எனக்கு அது தோணல சார்."

"என்கிட்ட அப்பவே வந்திருக்கணும். எழுதறதுக்கு முன்னாடி" என்றார் சவுரிராயன். குரலில் அதட்டல் இல்லை. தனக்குள் அலுத்துக்கொள்வது போல் சொன்னார். "பெரியசாமிக்கு வேலை ஆர்டர் இருக்கா? மில்லு ரிஜிஸ்டர்ல பேரு?"

இல்லை. உமி தள்ளுகிறவர்களும் களத்துப் பெண்களும் ஒரு மேஸ்திரி கணக்கில் இருந்தார்கள். ஒன்பது வருஷம் அங்கேயே குடியிருந்தும் மில்லின் எந்தக் காகிதத்திலும் பெரியசாமி கிடையாது.

"அப்ப சட்டத்துக்கு முன்னாடி அவர் அந்த மில்லுல வேலையே செய்யல. அவர் பேரு இருக்கற ஒரே காகிதம் உங்க மனு."

"வழியே இல்லீங்களா?"

"இருக்கு. களத்துல வேலை செய்யற பொம்பளைங்க நாலு பேர், இவரு எங்க கூடத்தான் இருந்தாருன்னு வந்து சொல்லணும். நாலு பேரு குடுங்க, ரெண்டு கேசும் சேத்தே நடத்தறேன். பீஸப் பத்திப் பேசாதீங்க."

அன்றைக்கே அரசப்பன் கண்டாச்சிபுரம் போனான். கிளியம்மாளின் அண்ணன் வீட்டுப் பின்னால், மாட்டுக் கொட்டகையை ஒட்டிய தாழ்வாரத்தில் அவர்கள் இருந்தார்கள். பெரியசாமி எழுந்து நின்றான். கிளியம்மாள்தான் பேசினாள்.

"நாலு பேருன்னா யாரு யாருண்ணே?"

"வீரம்மா, கெங்கம்மா... நம்ம பக்கம் நிக்கறவங்கதான்."

"அவங்களக் கேட்டீங்களா?"

"போயி கேக்கணும் கிளி. கேட்டா மாட்டேன்னா சொல்லுவாங்க?"

"மாட்டேன்னு சொல்ல மாட்டாங்கண்ணே. அதான் பேஜாரு." அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்க பேரு போனது போதும். அவங்களாவது அங்க இருந்துக்கினு கஞ்சி குடிக்கட்டும். யாரு பேரையும் இனிமே எழுதாதீங்க."

அரசப்பன் பெரியசாமியைப் பார்த்தான். "நீ சொல்லுடா."

"நீங்க உங்க கேச நடத்துங்க" என்றான் பெரியசாமி.

நீங்க. பஸ்ஸில் விழுப்புரம் வந்து சேரும்வரை அரசப்பன் காதில் அந்த ஒரு சொல்தான் இருந்தது.

கேஸ் மூன்று வருஷத்துக்குமேல் நடந்தது. கடலூரில் மில் தரப்பு இரண்டு தடவை வரவே இல்லை. மூன்றாம் தடவை வந்து முடியாது என்றது. மெட்ராசில் வாய்தா மேல் வாய்தா. அரசப்பன் ஊர் ஊராகப் போய்க் கிணற்று ஆயில் இஞ்சின்களைப் பிரித்துச் சரிசெய்தான். அவன் பெண்டாட்டி ஜெயம்மாள் ஒரு தடவைகூட ஏன் இந்தக் கேஸ் என்று கேட்கவில்லை. வாய்தா நாளில் கேப்பை அடை சுட்டுக் கட்டிக்கொடுப்பாள். திண்டிவனம் மாடி ரூமில் வக்கீலும் அவனும் அதைப் பிட்டுத் தின்பார்கள். கேஸ் பற்றிப் பேசாத நேரத்தில் சவுரிராயன் கேட்பார், "பெரியசாமி எங்க இருக்காராம்?" அரசப்பன் தனக்குத் தெரிந்ததைச் சொல்வான். குயிலாப்பாளையம் போய்விட்டார்கள். ஆரோவில்லில் மரம் நடக் குழி வெட்டுகிறான். அவள் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள்.

1987 ஐப்பசியில் தீர்ப்பு வந்தது. கல் ஏறிய நாட்களில் மணிக்கு மணி பிரஷரை எழுதி, மறைக்காமல் கையெழுத்தும் போட்டவனே கல்லைக் கட்டினான் என்பது நம்பும்படி இல்லை. அவனை மறுபடி வேலையில் சேர்க்க வேண்டும். சவுரிராயன் தமிழில் வாசித்துச் சொன்னார். பதினாலு பக்கம். பெரியசாமி என்கிற பெயர் அதில் எங்கும் வரவில்லை.

"ஒரு எடத்துலகூட இல்லீங்களா சார்?"

"இல்ல. கேசுக்குத் தேவைப்படல" என்றார் வக்கீல். தீர்ப்பு நகலை மடித்து அவனிடம் நீட்டினார். வேலை திரும்பக் கிடைத்த நாளின் சந்தோஷம் அவ்வளவுதான் இருந்தது.

அரசப்பன் மில்லுக்குத் திரும்பினான். சேப்டி வால்வில் சீல் அப்படியே இருந்தது. களத்துப் பெண்கள் வேலையை விட்டு ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். வீரம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ளைங்கள இன்னும் அந்தச் செவுத்தாண்டதான் போடறோம்ணே. உன்னாலதான்" என்றாள். அடுப்பருகில் உமி தள்ளியவன் செஞ்சிப் பக்கத்துப் புது ஆள். ஓயாமல் பேசுகிறவன். அரசப்பன் ம்... ம்... என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குயிலாப்பாளையம் போனான். முந்திரி மரங்களுக்கு நடுவே கீற்று வேய்ந்த வீடு. பெரியசாமி கைகால் கழுவிக்கொண்டு வந்தான். வெயிலில் கறுத்து, இளைத்து, ஆனால் பழைய இருமல் இல்லாமல் இருந்தான். உமிப் புகை விட்டதில் வந்த நல்லது அது ஒன்று.

"வாங்க. ஜெயம்மா நல்லா இருக்காங்களா?"

தீர்ப்பு நகலைக் காட்டத்தான் அரசப்பன் கொண்டு போயிருந்தான். பையிலிருந்து அதை எடுக்கவில்லை. மூன்று வருஷமாக வக்கீலிடமும் ஜெயம்மாளிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னான்.

"சாட்சி வேணும்னு நான் உன் பேரப் போடலடா. ஒண்டியா என் பேரு மட்டும் நிக்கறதப் பாக்கப் பயமா இருந்திச்சி. அதான்."

பெரியசாமி கூரைக் கீற்றில் ஓர் ஓலையைப் பிய்த்து முறித்துக்கொண்டிருந்தான்.

"கேட்டிருந்தா நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றான். முறிந்த ஓலையைக் கீழே போட்டுவிட்டு, "போட்டிருக்க மாட்டேனோ இன்னாவோ. ரெண்டு புள்ளைங்க, குடியிருக்கற வூடு. நான் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு எனக்கே தெரியல. அதத் தெரிஞ்சிக்கவே நீங்க உடல" என்றான்.

கிளியம்மாள் டீ கொண்டுவந்து வைத்தாள். "குடிங்கண்ணே, ஆறிடும்" என்றாள். மூன்று பேரும் குடித்தார்கள். மழை பெய்யுமா என்று பேசினார்கள்.

அதற்குப் பிறகு அரசப்பன் போனது ஒரே தடவை. 1989 வைகாசியில் பெரியசாமி மகளுக்குக் கல்யாணம்; பத்திரிகை தபாலில் வந்திருந்தது. ஜெயம்மாளோடு போனான். பந்தல் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு பெரியசாமி நின்றிருந்தான். எல்லோரையும் கும்பிட்டு உள்ளே அனுப்பியது போலவே இவர்களையும் கும்பிட்டு, "சாப்பிட்டுத்தான் போவணும்" என்று சொல்லி உள்ளே அனுப்பினான். இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மத்தியான பஸ்ஸிலேயே அவர்கள் விழுப்புரம் திரும்பினார்கள்.