உப்பில் விழுந்த விபூதி

எங்கள் கல்லூரியில் வரலாற்று சாரின் கனைப்பையும் கணக்கு மேடத்தின் நடையையும் நான் நடித்துக் காட்டினால் வகுப்பே சிரிக்கும். வேதியியல் மேடத்தை நடித்துக் காட்டுவதை மட்டும் ஒரு செய்முறைத் தேர்வோடு விட்டுவிட்டேன்.

ஏற்கெனவே இரண்டு முறை தோற்ற தேர்வு அது. இதுவும் போனால் டிகிரி கிடையாது. அதனால் காலையிலேயே மலைக்கோயிலுக்கு ஏறி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு போனேன். என்ன உப்பு என்று கண்டுபிடிக்கக் கொடுத்த பொடியைக் குனிந்து குனிந்து பார்த்தேன். அமிலம் விட்டதும் பொங்கியது. ‘கார்பனேட்’ என்று எழுதிவிட்டேன்.

மேடம் தாளைப் பார்த்தார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார்.

“மலைக்குப் போயிட்டு வந்தியாப்பா?”

“ஆங், மேடம்.”

“பொங்குனது உப்பு இல்ல, நெத்தியில இருந்து கொட்டுன விபூதி. தொடச்சிட்டு, அதே உப்ப புதுசா வாங்கிக்கினு மறுபடியும் செய்யி.”

பக்கத்து மேசைக்காரன் சும்மா இருப்பானா? “மச்சான், சாமியையே ஆசிட்ல கரைச்சிட்டியேடா!”

துடைத்துவிட்டுச் செய்தேன். பொங்கவே இல்லை. காரம் சேர்த்துச் சூடாக்கியதும் அம்மோனியா வாடை மூக்கைத் துளைத்தது. ‘அம்மோனியம்’ என்று எழுதித் தேறிவிட்டேன்.

நான் ஒரு மணி நேரம் சோதித்தும் தெரியாததை, மேடம் சோதனைக் குழாயைத் தொடாமலே கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு அவரை நான் நடித்துக் காட்டுவதே இல்லை.