நடு நாற்காலியும் வைலோதோ துறையும்

தீவின் சட்டசபை கூடும் நாட்களில் பெதேசா அக்கா வானொலிப் பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கி, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியின் மேல் வைப்பாள். உயரம் போதாவிட்டால் அடியில் ஒரு தட்டைக்கல்லைச் செருகுவாள். உட்கார்ந்திருக்கிற ஆளின் முகம் எங்கே இருக்குமோ அங்கே பெட்டி இருக்க வேண்டும். பிறகு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு, மடியில் சேப்பங்கிழங்குகளைக் கொட்டிக்கொண்டு தோல் சீவத் தொடங்குவாள். பேசுகிற உறுப்பினர் "கவனிக்கப்படும்" என்றால் ஒரு தோல் பறந்துபோய் பெட்டியில் ஒட்டும். "பரிசீலனையில் இருக்கிறது" என்றால் கைநிறைய. அப்பட்டமான பொய் என்று தெரிந்தால் கத்தி அப்படியே நின்றுவிடும். கத்தி நின்றால் அவள் புருஷன் ஈகிபா எழுந்து வெளியே போய்விடுவார்.

அந்தப் பெட்டியின் மறுமுனையில் நான் இருந்தேன். சபை மண்டபத்தின் மூலையில், ஒலிபரப்பு மேசைக்குப் பின்னால். யார் எழுகிறாரோ அவருடைய மைக்கைத் திறப்பதும், உட்கார்ந்ததும் மூடுவதும் என் வேலை. நான் பேச வேண்டியதில்லை என்பதால்தான் அந்த வேலைக்கே போனேன். எனக்கும் ஊர் வைலோதோ; அக்கா வீட்டுக்கு அடுத்த வீடு.

எங்கள் சபை இருபது பேர். ஊருக்கு ஒருவராகப் பதினான்கு, தீவு மொத்தமும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிற ஆறு. கட்சி கிடையாது. பிரதமரோடு சேர்ந்தவர்கள், சேராதவர்கள், அவ்வளவுதான். வைலோதோவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, ஆட்கள் பிழைப்புக்குக் கடல் தாண்டி ஆக்லாந்தில். மீதி இருக்கிறவர்களுக்கும் சபையில் ஒரு முழு இடம் உண்டு. பெரிய ஊர்க்காரர்களுக்கு இது உறுத்தல். எங்களுக்கு அது ஒன்றுதான் பெருமை.

அந்த இடத்துக்கு லாகதானியை நிறுத்தியது பெதேசா அக்காதான். அவளுடைய பெரியப்பா மகன். படகுத்துறை ஒன்றுக்காகத்தான் நிறுத்தினாள். புயல் எங்கள் துறையைக் கொண்டுபோய்விட்டது. பாறைச் சுவரை வெட்டி இறக்கிய படிகள், அடியில் இருந்த கான்கிரீட் சரிவு, எல்லாம் போயிற்று. எங்கள் தீவில் மணற்கரை என்று ஒன்று கிடையாது, சுற்றிலும் செங்குத்துப் பாறைதான். துறை இல்லாத ஊரில் தோணி வெறும் மரக்கட்டை. ஈகிபா தோணியைப் பிக்கப் வண்டியில் ஏற்றிப் பக்கத்து ஊர்த் துறைக்குக் கொண்டுபோவார். அங்கே அவர்கள் தோணிகள் எல்லாம் இறங்கிய பிறகுதான் இவர் இறக்கலாம். அதற்குள் மீன் ஆழத்துக்குப் போயிருக்கும். இன்னொரு வருடம் இப்படியே போனால் நாங்களும் விமானம் ஏற வேண்டியதுதான் என்று அக்கா வீடு வீடாகச் சொன்னாள்.

"அண்ணே, உன்கிட்ட வேற எதுவும் கேக்கல. ரோடு வேணாம், விளக்கு வேணாம். துறைக்குக் கை தூக்கு. அது போதும்."

"ரெண்டு கையும் தூக்குறேன் புள்ள," என்றார் லாகதானி. ஜெயித்தார்.

முதல் கூட்டத்தில் பிரதமரைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்தது சபாநாயகர். பிரதமரே எழுந்து லாகதானியின் பெயரைச் சொன்னார். அவருடைய மைக்கைத் திறந்தது நான்தான். மறுபேச்சில்லாமல் எல்லாரும் தலையாட்டினார்கள். லாகதானி எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நடுவில் இருந்த உயர்ந்த நாற்காலிக்கு நடந்து போனார். தோளில் அங்கி போட்டார்கள்.

சபாநாயகர் எந்த ஊருக்கும் சொந்தமாக இருக்கக்கூடாது என்பது எங்கள் சட்டம். உறுப்பினர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அவர் ஊரின் இடம் காலி. அவர் பேச முடியாது, வாக்களிக்க முடியாது. ஊருக்கு வேறு ஆள் வேண்டுமென்றால் இடைத்தேர்தல் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் வைலோதோவில் பன்றி அறுத்தார்கள். குழி அடுப்பு புகைந்தது. தேவாலயத்துக்கு எதிரே பாய் விரித்து, லாகதானியின் கழுத்தில் மாலைக்கு மேல் மாலையாகப் போட்டார்கள். ஊரே சிரித்துக்கொண்டிருந்தபோது பெதேசா அக்கா வந்தாள். தேங்காய்ப்பாலில் வெந்த சேம்புப் பானை இடுப்பில் இருந்தது. அதை அவள் கீழே இறக்கவில்லை.

"என்ன கொண்டாட்டம்?"

"என்ன புள்ள, தெரியாதா? நம்ம ஆளு நடுவுல உக்காந்திருக்கான்! பிரதமரே இவனப் பாத்து எந்திரிச்சு நிக்கணும்!" என்றார் பாதிரியார்.

"எந்திரிச்சு நிக்கட்டும். நம்ம இடத்துல யாரு உக்காந்திருக்கா? அதச் சொல்லுங்க மொதல்ல."

ஒருவர் பன்றிக்காலை அவள் பக்கம் நீட்டி, "மொதல்ல சாப்பிடு. வயிறு காஞ்சா இப்படித்தான் கோவம் வரும்," என்றார். சிரித்தார்கள்.

"பட்ஜெட்டு அடுத்த மாசம். இடைத்தேர்தல் எப்போ அண்ணே?"

லாகதானி மாலையைச் சரிசெய்தார். "அது... கொஞ்சம் தள்ளித்தான் வரும். ஆனா பாரு புள்ள, நான் அங்க இருக்கிறது நமக்கு நல்லதுதான். மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல? வைலோதோன்னா இனிமே யோசிப்பாங்க."

"மரியாதைய வச்சு தோணி எறக்க முடியுமா?"

"பெதேசா, சபையில வந்து பேசுற மாதிரி பேசாத."

"நான்தான் பேசணும் போலருக்கு. நீதான் வாயக் குடுத்துட்டு வந்துட்டியே!"

பானையோடு திரும்பிப் போய்விட்டாள். ஈகிபா மட்டும் பாயின் ஓரத்தில் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து மனைவியோடு போகவில்லை. கூட்டத்துக்கு முந்தின வாரம் முழுக்க அவர் காட்டில் விருந்துக்குரிய பெரிய தென்னை நண்டுகளைப் பிடிக்கப் போனதும், ஒரு நண்டுகூட வீட்டுக்கு வராததும் ஏற்கெனவே அக்காவின் திட்டில் இருந்தது. "பிடிச்சத யாருக்குய்யா தூக்கிக் குடுத்த?" என்று அவள் கேட்டது எங்கள் வீட்டுக்கே கேட்டது.

பட்ஜெட் வந்தது. அந்த வருடம் பணம் இருந்தது ஒரு வேலைக்குத்தான். ஒன்று எங்கள் துறை, இல்லையென்றால் தலைநகரத் துறைமுகத்தின் கிடங்குக்குப் புதுக் கூரை. வைலோதோவுக்காகப் பேச வைலோதோவில் இருந்து ஆள் இல்லை. பிரதமரோடு சேராத ஒரு பெண் உறுப்பினர், வேறு ஊர்க்காரி, இரக்கப்பட்டு எங்களுக்காகத் தீர்மானம் கொண்டுவந்தாள். படிகளின் பெயர்கூட அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. எங்கள் தாத்தா பாட்டன் வெட்டிய படிகளுக்குத் அவள் தப்புப் பேர் சொன்னது தீவு முழுக்க ஒலிபரப்பானது. நான் அவளுடைய மைக்கை மூடவில்லை, மூட நினைத்தேன்.

கை தூக்கச் சொன்னார்கள். பிரதமர் பக்கத்து ஆள் ஒருவர் ஆக்லாந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். எங்கள் இடம் காலி. மிச்சம் பதினெட்டுப் பேர். ஆதரவு ஒன்பது. எதிர்ப்பு ஒன்பது.

சமமானால் தீர்மானம் தோற்றது என்பது விதி. அதை வாய்விட்டு அறிவிக்க வேண்டியவர் சபாநாயகர். லாகதானியின் மைக் என் விரலுக்கு அடியில் இருந்தது. திறந்தேன். அவர் தண்ணீர்க் கோப்பையை எடுத்து, குடிக்காமல் வைத்தார். அந்தச் சத்தம் எல்லா வீட்டுக்கும் போயிருக்கும்.

"வாக்குகள் சமம். ஆகவே, வைலோதோ படகுத்துறைத் தீர்மானம் தோற்றது."

வேறு யாராவது சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கொதித்திருக்காது. இரண்டு கையும் தூக்குகிறேன் என்றவரின் இரண்டு கைகளும் நாற்காலியின் கைப்பிடிகளில் இருந்தன.

தேநீர் இடைவேளைக்குள் அக்கா வந்துவிட்டாள். பிக்கப்பை அவளே ஓட்டி வந்தாள். பின்னால் ஈகிபா உட்கார்ந்திருந்தார். அவர் காலுக்கு இடையில் ஒரு கான்கிரீட் துண்டு, எங்கள் சரிவில் உடைந்தது, கறுத்த பாசியோடு. சபை வாசலில் உறுப்பினர்கள் கோப்பையும் கையுமாக நின்றார்கள். அங்கியோடு லாகதானியும்.

"எறக்குய்யா," என்றாள்.

ஈகிபா துண்டைத் தூக்கி வந்து லாகதானியின் காலடியில் வைத்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. மச்சானுக்காக வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

"புள்ள, இது என்ன... எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். உன் நாற்காலி ஒசரம் பத்தலன்னா இத அடியில குடுத்துக்கோ. வைலோதோவில இன்னும் நெறைய கெடக்கு, வண்டி வண்டியாக் கொண்டாறேன்."

"விதி அது. நான் என்ன பண்ண முடியும்? எனக்கு ஓட்டே கிடையாது."

"ஓட்டு இருந்துச்சு. நாங்கதான் குடுத்தோம். அத வித்துகூட நீ திங்கல, கழட்டிப் போட்டுட்டு ஒரு துணியத் தோள்ல மாட்டிக்கிட்ட."

பிரதமர் எதையோ சொல்லிச் சமாதானம் செய்ய வந்தார். "கவனிக்கப்..." என்று தொடங்கினார். அவள் பார்த்த பார்வையில் அந்தச் சொல் பாதியில் நின்றது. கையில் சேம்புத் தோல் இல்லாததுதான் குறை.

மணி அடித்தது. எல்லாரும் உள்ளே போனார்கள். லாகதானி அந்தக் கல்லைத் தாண்டிக் காலை எடுத்து வைத்தார். நானும்தான் தாண்டினேன், மைக் திறக்க வேண்டுமே.

இடைத்தேர்தலில் அக்காவை நிற்கச் சொன்னார்கள். "பட்ஜெட்டு முடிஞ்சப்புறம் எதுக்கு? வாசலக் காக்கவா?" என்றாள். பாதிரியாரின் தம்பி போட்டியின்றி வந்தார். கிடங்குக்குக் கூரை போட்டார்கள். ஈகிபா தோணியை விற்றார். மழைக்காலத்துக்கு முன் இருவரும் ஆக்லாந்துக்குப் போனார்கள். வாளி எங்கள் வீட்டுப் பின்கட்டில் கிடக்கிறது.

அடுத்த வருடம் ஒலிபரப்புப் பயிற்சிக்காக நான் ஆக்லாந்துக்குப் போனபோது அவர்கள் வீட்டில் தங்கினேன். அக்கா சமையலறையில் போனில் எங்கள் சபையைக் கேட்டுக்கொண்டு உருளைக்கிழங்குத் தோலை எறிந்துகொண்டிருந்தாள். இந்த முறை சுவரில். லாகதானியின் குரல் வந்தபோது கத்தி நின்றது. ஈகிபா வழக்கம்போல எழுந்து வெளியே வந்தார். பின்னாலேயே நானும் வந்தேன். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கேட்காமலே சொன்னார். முதல் கூட்டத்துக்கு முந்தின ராத்திரி, எங்க ஊர்ப் பையனுக்கு அந்த நாற்காலியைக் குடுங்க என்று கேட்க, பிரதமராக வரவிருந்தவர் வீட்டுக்கு வைலோதோவிலிருந்து மூன்று பேர் போனார்கள். அவர் சந்தோஷமாகச் சரி என்றாராம். ஒருவர் பாதிரியார், இன்னொருவர் அவர் தம்பி. வாரமெல்லாம் பிடித்த தென்னை நண்டுகளைச் சாக்கில் சுமந்துபோன மூன்றாவது ஆள் ஈகிபா.