கிதார் இல்லாத ஸ்கா

ரங்கூன் பசுந்தாங்கில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் கரண்ட் வந்தால்தான் ஒத்திகை. நான் டிரம்பெட், தம்பி கிதார், எதிர்வீட்டு பர்மாக்கார அண்ணன் டிரம். வாசிப்பது ஸ்கா என்ற ஜமைக்கா ஆட்ட இசை. அப்பா கல்யாண பேண்டில் ஊதிய டிரம்பெட் அது. எனக்கும் அந்த பேண்டுப் புத்திதான். தாளத்தின் முதல் அடியிலேயே போய் தொப்பென்று விழுவேன்.

“என்னக்கா, மாப்பிள்ளை ஊர்வலமா போறோம்? ரெண்டு அடிக்கு நடுவுல நான் கிதார்ல வெட்றேன் பாரு, ஆட்டமே அங்கதான் இருக்கு” என்பான் தம்பி.

“போடா பெரிய வித்வான்” என்பேன். ஆனால் அவன் சொல்வதுதான் சரி.

இந்தப் பைத்தியம் அவனுக்கு போனில் பிடித்தது. ஜமைக்காக்காரர்கள் ரேடியோவில் கேட்ட அமெரிக்கப் பாட்டை வாங்கி, தங்கள் ஆட்டத்துக்கு ஏற்றபடி அடியை மாற்றிப்போட்டார்களாம். பிழைக்கப் போனவர்களோடு அது இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. பிறகு அங்கே வேலை கிடைக்காத காலத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நின்று அதை மறுபடி எழுப்பினார்கள்.

“நம்ம ஆளுங்களும் ரங்கூனுக்குக் கப்பல்லதானே வந்தாங்க, தவுலைத் தூக்கிட்டு” என்று சிரிப்பான்.

போன மாதம் வார்டு ஆபீஸ் பட்டியலில் அவன் பெயர் வந்தது. பட்டாளத்துக்குக் கட்டாய ஆளெடுப்பு. முப்பத்தைந்தைத் தாண்டியவர்களை எடுப்பதில்லை. அவனுக்கு நிஜத்தில் முப்பத்தாறு, தாளில் முப்பத்துநாலு. அந்த இரண்டு வருடத்தைக் குறைத்தவள் நான். காய்ச்சலில் கிடந்து ஏழு வயதில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கேலி செய்வார்களே என்று, நானே கூட்டிப்போய் ஐந்து என்று எழுதவைத்தேன். நம் வீடுகளில் எல்லோரும் செய்ததுதான். அன்றைக்கு அதைக் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்தேன், பாவி.

வார்டு குமாஸ்தாவிடம் கெஞ்சினேன். தாளில் உள்ளதுதான் வயது என்று பர்மியில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வீட்டுக்கு வந்து தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

“விடுக்கா. இத்தனை வருசம் ரெண்டு வயசு எளசா இருந்தேன்ல?” என்றான்.

மறுநாள் காலை தாய்லாந்து எல்லைப்பக்கம் பஸ் ஏறினான். வழியில் சோதனை இருக்கும் என்று கிதாரை எடுக்கவில்லை. தாண்டிவிட்டானா, பிடிபட்டானா, தெரியவில்லை. அவன் போன் அணைந்தே கிடக்கிறது.

நேற்று மதியம் கரண்ட் வந்ததும் டிரம்கார அண்ணன் வந்து உட்கார்ந்தார். சும்மா இருக்க முடியாமல் வழக்கமான பாட்டைத் தொடங்கினோம். நடுவில் வெட்ட ஆளில்லை. டம், டம் என்று முதல் அடி மட்டும் நேராக நடந்தது. என் டிரம்பெட்டும் அதன் பின்னால் போனது. நாலு வரி தாண்டவில்லை, அண்ணன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். எனக்கும் அப்போதுதான் காதில் விழுந்தது. நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தது பட்டாள அணிவகுப்பு.