பிரேக் டீச்சருக்கு ஒரு கார்

ஊரில் பாதிப் பேர் கார் ஓட்டுவது பிரேக் டீச்சரின் புண்ணியத்தால். மீதிப் பாதிப் பேர் உயிரோடு நடமாடுவதும் அதே புண்ணியத்தால்தான். இருபத்திரண்டு வருஷம் ஒரே டிரைவிங் ஸ்கூல், ஒரே இடது பக்க சீட். பயிற்சிக் காரில் அந்தப் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் வைத்திருப்பார்கள். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். டீச்சர் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு, ஒரு கொட்டாவியும் விட்டுக்கொண்டு, காலால் வண்டியை நிறுத்திவிடுவார்.

"என்ன, சுவத்துக்கு முத்தம் குடுக்கப் போறியா? அதுக்கு எதுக்கு வண்டி, நடந்தே போயிருக்கலாமே."

அவ்வளவுதான் திட்டு. குரல் உயராது. அதனாலேயே பெரிய பெரிய மீசைக்காரர்களுக்கெல்லாம் அவரிடம் பயம்.

வீட்டிலும் அந்த வலது கால் சும்மா இருக்காது. மகள் சாப்பாட்டு மேஜையில் "அம்மா, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தாலே போதும், மேஜைக்கு அடியில் கால் தரையை அழுத்தும். அழுத்தத் தகுந்த மகள்தான். பத்தாம் வகுப்போடு படிப்புக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டு, போன் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தவள். வயசு பத்தொன்பது. வீட்டுப் பெயர் வாலு. அம்மாவின் போனுக்கு லாரி ஹாரன் சத்தத்தை வைத்துவிட்டு, கடைத்தெருவில் அம்மா துள்ளி ஓரமாக ஒதுங்கியதைப் பார்த்து இரண்டு நாள் சிரித்தவள்.

போன மாசம் ஸ்கூல் முதலாளி கதவைச் சாத்திவிட்டார். வயசாகிவிட்டது, போதும் என்றார். அதே மாசம் வாலுவின் அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன். வாரத்துக்கு மூன்று நாள் ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலை மடக்கி நீட்டும் பயிற்சி செய்ய வேண்டும், ஆறு மாசத்துக்கு. ஒரு நாள் விட்டாலும் முட்டி இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாடகைக் கார்க்காரர்களோ அப்பா ஊன்றி நடக்கும் நாலு கால் நடைச் சட்டத்தைக் கண்டதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். முதல் வாரத்திலேயே இரண்டு நாள் தவறிப்போயிற்று.

ஆகவே கார். வாலுவுக்கு லைசென்ஸ் கிடையாது, ஆனால் ஓட்டத்தான் வீட்டிலேயே டீச்சர் இருக்கிறாரே. வாலு தன் ரிப்பேர் வேலைக்கென்று மைக்ரோஸ்கோப் வாங்கச் சேர்த்து வைத்திருந்ததை அம்மாவின் பணத்தோடு போட்டாள். எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, "சட்டைப் பையில கிடந்துச்சு" என்றாள். ஒரு போன் டப்பாவின் பின்பக்கத்தில் பட்டியலும் எழுதினாள்: அப்பா முட்டியை மடக்காமல் உட்காருகிற உயரத்தில் சீட், டிக்கியில் நடைச் சட்டம் நுழைய வேண்டும், பெட்ரோலை மோர் மாதிரிக் குடிக்கக் கூடாது, உதிரி பாகம் பக்கத்துத் தெருவிலேயே கிடைக்க வேண்டும். விலை என்ற இடத்தில் ஒரு அழுகிற முகம் வரைந்திருந்தாள்.

கார் கிடைப்பது கஷ்டமில்லை. டீச்சருக்குப் பிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

முதல் கார் வெள்ளை. "அழுக்குத் தெரியும்." இரண்டாவது கறுப்பு. "வெயில்ல நிறுத்தினா உள்ள வெந்துடுவோம்." மூன்றாவது சாம்பல். "இது என்னடி கலரு, காய்ச்சல்ல எழுந்து வந்தவன் மூஞ்சி மாதிரி."

"எனக்கு ஆபரேஷன் முட்டியிலதான், கண்ணுல இல்ல. ஆனாலும் எந்தக் கலரா இருந்தாலும் ஏறுறேன். யாராவது ஏத்துங்க" என்றார் அப்பா, வீட்டு நாற்காலியிலிருந்து.

நான்காவது காரில் ஹாரன் ஒப்பாரி வைக்கிறதாம். ஐந்தாவதில் டீச்சர் ஏறி உட்கார்ந்தார், வலது காலால் இரண்டு முறை அழுத்தினார், உதட்டைப் பிதுக்கினார். "பிரேக் சரியில்ல."

"அம்மா, அந்தப் பக்கம் பிரேக்கே கிடையாதும்மா. அது கால்மிதி."

டீச்சர் குனிந்து பார்த்தார். "அதான் சொல்றேன், சரியில்ல."

அப்போதுதான் வாலுவுக்குப் பொறி தட்டியது. ஐந்து காரிலும் அம்மா இடது பக்கக் கதவைத்தான் திறந்திருக்கிறார். ஒரு தடவைகூட ஸ்டியரிங் பக்கம் போகவில்லை.

அன்று சாயங்காலம் டீச்சர் துணி மடித்துக்கொண்டிருந்தார். வாலு கட்டிலில் குப்புறப் படுத்தபடி, சும்மா வம்புக்குத்தான் கேட்டாள். "என்னம்மா, ஊருக்கே சொல்லிக் குடுத்துட்டு, உனக்குக் கார் ஓட்டத் தெரியாதா?"

அப்பாவின் ஒரு சட்டையையே அம்மா நான்காவது முறையாக மடித்துக்கொண்டிருந்தார். வாலு எழுந்து உட்கார்ந்தாள்.

"அம்மா?"

"யாருக்குத் தெரியாது? லைசென்ஸ் வாங்குன அன்னிக்கு ஓட்டுனேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எங்கடி? காலையில முதலாளி வண்டியோட முதல் பையனையும் வாசலுக்கே கூட்டிட்டு வந்துடுவாரு. சாயங்காலம் கடைசிப் பொண்ணு கொண்டாந்து இறக்கி விடுவா, முதலாளி வந்து வண்டிய எடுத்துக்குவாரு. நடுவுல எனக்கு எதுக்கு ஸ்டியரிங்?"

"முதல் நாள் ஓட்டிக் காட்டணுமே?"

"அது முதலாளி வேலை. நான் ரெண்டாம் நாள்லேர்ந்துதான்."

"அப்போ ஆக்சிலரேட்டர்?"

"என் பக்கம் அது கிடையாதே" என்றார் டீச்சர், சட்டையைப் பார்த்துக்கொண்டு. "இருபத்திரண்டு வருஷமா நிறுத்த மட்டும்தான் நிறுத்தியிருக்கேன். வலது பக்கம் உக்காரணும்னு நெனச்சாலே உள்ளங்கை வேர்க்குது. வெளிய சொல்லிடாதடி. என்னை நம்பி ஊர்ல எத்தனை பேர் ஓட்டிட்டிருக்காங்க."

இந்த ஒரு விஷயத்தை வைத்து வாலு ஒரு வருஷம் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். கடையில் சொன்னால் சிரித்துச் சிரித்து யாருக்காவது சுளுக்கு நிச்சயம். ஆனால் அவள், "நான் யார்கிட்ட சொல்லப் போறேன், எனக்கு வேற வேலை இல்லையா" என்று முணுமுணுத்துக்கொண்டே மிச்சத் துணியை இழுத்துப் போட்டு மடிக்க ஆரம்பித்தாள். மகா கேவலமாக மடித்தாள். டீச்சர் திருத்தவில்லை.

சரியான கார் கடைசியில் தவறான இடத்தில் கிடைத்தது. பழைய கார் விற்கும் ஏழாம் நம்பரிடம். ஆறு முறை டெஸ்டில் கோட்டை விட்டு ஏழாம் முறை பாஸ் செய்தவன் என்பதால் அந்தப் பெயர். அவனும் டீச்சரின் மாணவன், அவனிடம் வேலை பார்க்கும் இரண்டு மெக்கானிக்குகளும் டீச்சரின் மாணவர்கள். டீச்சர் வரவே மாட்டேன் என்றார். மறுநாள் காலை பத்து மணிக்கு அப்பாவுக்குப் பயிற்சி, வாடகைக் கார்க்காரன் வர முடியாது என்று சொல்லிவிட்டான். வேறு வழியில்லாமல் வந்தார்.

மஞ்சள் கார். பெட்டி மாதிரி நிமிர்ந்து நின்றது. சீட் அப்பாவின் இடுப்பு உயரம். வாலு கையோடு கொண்டு வந்த நடைச் சட்டத்தை டிக்கியில் வைத்தாள். அளவெடுத்துச் செய்தது போல் உட்கார்ந்தது. அந்த மஞ்சளை யாரும் சீண்டாததால் விலையும் கைக்குள் இருந்தது.

"நீங்களே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க டீச்சர்" என்று ஏழாம் நம்பர் சாவியை நீட்டினான். அதைக் கேட்டதும் மெக்கானிக்குகள் இருவரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வரிசையாக நின்றார்கள். டீச்சர் ஓட்டி அவர்கள் யாரும் பார்த்ததில்லை.

"அம்மா கண்ணுல மருந்து விட்டிருக்காங்க" என்றாள் வாலு.

"கால் சுளுக்கு" என்றார் டீச்சர், அதே நொடியில்.

ஏழாம் நம்பர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "கண்ணா, காலா டீச்சர்?"

டிக்கி இன்னும் திறந்துதான் இருந்தது. டீச்சர் உள்ளே கிடந்த நடைச் சட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டிக்கியை மூடினார். "ஒண்ணுமில்ல. குடு சாவியை."

இடது கதவு வரை போய்க் கைப்பிடியையும் தொட்டுவிட்டு, காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து வலது பக்கம் ஏறினார். சக்கரத்தைத்தான் சோதிக்கிறார் என்று ஒரு மெக்கானிக் தானும் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான்.

வாலு இடது பக்கம் உட்கார்ந்தாள். "மெதுவா, கிளட்ச்ச விட்டுக்கிட்டே..."

"நான்தான்டி அதைச் சொல்லிக் குடுத்தவ."

வண்டி ஒரு தும்மல் தும்மி நின்றது. மறுபடி. இன்னொரு தும்மல். மூன்றாவது தடவை முன்னால் ஒரு துள்ளு துள்ளிவிட்டு நின்றது. டீச்சரின் காதோரம் வேர்வை வழிந்தது. கண்ணாடியில் மூன்று மாணவர்களும் அசையாமல் நிற்பது தெரிந்தது. முடிந்தது கதை, இருபத்திரண்டு வருஷ மானம் ஒரு மஞ்சள் பெட்டியில் போய்விட்டது என்று வாலு நினைத்தாள்.

"பாத்தீங்களாடா?" ஏழாம் நம்பரின் குரல் கணீரென்று வந்தது. "கிளட்ச் எங்க பிடிக்குதுன்னு தேடுறாங்க. மூணு தடவை அணைச்சு அணைச்சுப் பாக்குறாங்க. நீங்க எவனாவது இப்படிச் சோதிச்சிருக்கீங்களா?"

"இல்லண்ணே" என்றான் ஒருவன், பக்தியோடு.

ஏழாம் நம்பர் ஜன்னல் பக்கம் வந்து, பக்கக் கண்ணாடியைத் துடைப்பது போல் குனிந்தான். ஆறு முறை கோட்டை விட்டவனுக்கு வண்டி ஏன் அணைகிறது என்று தெரியாதா என்ன? குரலைத் தாழ்த்தினான். "இதுல கிளட்ச் ரொம்ப மேலதான் பிடிக்கும் டீச்சர். அவசரப்படாதீங்க. வண்டி எங்கயும் ஓடிப்போயிடாது."

"ஏழு தடவை டெஸ்டுக்குப் போனவன் எனக்குச் சொல்லித் தர்றியா?"

"ஏழாவதுல பாஸ் பண்ணேனே டீச்சர்."

நான்காவது முறை தும்மல் வரவில்லை. டீச்சரின் வலது கால் ஆக்சிலரேட்டர் மேல் இறங்க, வண்டி நகர்ந்து வாசலைத் தாண்டி ரோட்டில் ஏறியது.

முதல் கியரிலேயே போனார். பால் பாக்கெட்டோடு நடந்து போன ஒருவர் அவர்களைத் தாண்டிப் போனார். பின்னால் வண்டி வரிசை நீண்டது, ஹாரன்கள் கத்தின.

"அம்மா, பின்னாடி எல்லாரும் அடிக்கிறாங்க."

"அடிக்கட்டும். பாதிப் பேர் என் பசங்கதான். பொறுமையா இருன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், ஒருத்தன் கேட்டானா?" என்றபடி டீச்சர் இரண்டாவது கியரைப் போட்டார். தெருமுனையில் மூன்றாவது. அந்தத் திருப்பத்தில் அவர் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. வாலு பார்க்காத மாதிரி ரோட்டைப் பார்த்தாள்.

திரும்பி வந்து, கோடு போட்ட இடத்தில் கச்சிதமாக நிறுத்தினார். நிறுத்துவதில் யார் அவரை அசைக்க முடியும்?

"எப்படி டீச்சர்?"

"கலர் சகிக்கல, அதுக்குக் கொஞ்சம் குறைச்சுக்க. பேப்பரை எடு. நாளைக்குப் பத்து மணிக்கு இவ அப்பாவைக் கூட்டிட்டுப் போகணும்."

டீச்சர் இறங்கி அலுவலகப் பக்கம் நடந்தார். பாதி வழியில் திரும்பிப் பார்த்தார். மகள் இன்னும் காருக்குள்ளேயே இருந்தாள். "என்னடி, இறங்கலையா?"

வாலுவின் வலது கால் இன்னும் கால்மிதியை அழுத்திக்கொண்டிருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்து எடுக்கப் பார்த்தாள்.

"சீட்டு நல்லா இருக்கும்மா" என்றாள். "கொஞ்சம் உக்காந்துட்டு வரேன்."