சத்தம் குறைந்த ஆம்ப், ஆடும் கட்டில்

பேஸ் கிட்டாருக்குச் சின்னதாக, மலிவாக ஓர் ஆம்ப் வாங்க இன்று கடைக்குப் போனேன்.

"ஹெட்போன் மாட்டுற மாடல் எடுத்துக்கோ தம்பி. வூட்ல யாருக்கும் தொல்லை இல்ல" என்றார் கடைக்கார அண்ணன்.

"பகல்லதாண்ணா வாசிப்பேன். அப்போ எவன் தூங்கப்போறான்?" என்று சொல்லி, ஹெட்போன் வசதி இல்லாத, ஸ்பீக்கர் பெரிதான ஒன்றை எடுத்துவந்தேன்.

சத்தத்தை நன்றாகக் குறைத்துத்தான் கம்பியைத் தட்டினேன்.

நைட் ஷிப்ட் முடித்து எங்கள் வீட்டு மாடியில் வாடகை அறையில் படுத்திருந்த தென்காசி அண்ணன் தலையணையோடு இறங்கி வந்தார். "சத்தம் கேக்கல தம்பி. கட்டில்தான் அதிருது. இன்னைக்கும் ஷிப்ட் இருக்குல்லா."

திட்டியிருந்தால் பதிலுக்கு ஒன்று வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. தூங்குவதற்கு நண்பர் அறைக்கு நடந்துவிட்டார்.

ராப்பகலாக ஆலைகள் ஓடும் ஒரகடத்தில் பிறந்துவிட்டு, பகலில் எவன் தூங்குவான் என்று கேட்டவன் நான்.

ஹெட்போன் ஆம்ப் வைத்திருப்பவர்கள் இதோடு மாற்றிக்கொள்ளலாம். கட்டிலாட்டம் இலவசம்.